இருநூற்று இருபது முதல் இருநூற்று இருபத்தெட்டு வரை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஆக்கவும் நேரமில்லை, மெல்லவும் நேரமில்லை. விருந்தாளி வந்தால் விரிப்பை உதறிப் போட்டு, அதன்மேல் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துக் கொட்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது என்னவென்று கொட்டுகிறவளுக்கும் தெரியாது, தின்கிறவனுக்கும் தெரியாது. போன மாதம் ஒரு பெயர்சூட்டு விழாவில் ரோஜா நிறத்தில் வட்ட வட்டமாக எதையோ நறுக்கி வைத்தார்கள். கறியாம். ஆடு அந்தப் பக்கமாக நடந்துகூடப் போயிருக்காது. எல்லோரும் "ஆஹா" என்று தின்றார்கள். ஒருவனாவது பொட்டலத்தின் மேல்தாளைத் திருப்பிப் பார்த்தானா?

மமயூசுப் பார்த்தார். அவர் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் கூட்டுப்பண்ணையில் முப்பது வருஷம் ஆடு எண்ணியவர். எழுத்து தடுக்கினாலும் எண் தடுக்காது. சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி, அதைச் சுற்றி மடித்த ஒரு தாள். தாளில் மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிக்கொடுத்த எண்கள்: 220 முதல் 228 வரை.

"பெரியவரே, இந்த நம்பர் போட்ட எதையும் உங்க வீட்டம்மா வாயில வைக்கக் கூடாது. கெட்டுப்போகாம இருக்கறதுக்குப் போடுற மருந்து இது. இவங்க மூச்சுக்கு ஆகாது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். கடைசியாக ஒன்று கேட்டாள். "கடையில வாங்குற காய்ஞ்ச பழம் ஏதாவது சாப்பிடுறாங்களா?"

மமயூசுப் சிரித்துவிட்டார். "ஏம்மா, இந்தப் பாத்கென் மலையடிவாரத்துல நூத்திநாப்பது ஆப்ரிகாட் மரம் வச்சிருக்கேன். நான் போய்க் கடையில பழம் வாங்குவேனா?"

அவளும் சிரித்தாள். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து தெருமுனைக் கடைக்காரி உல்ஜானுக்கு நிம்மதி போயிற்று. காலையில் கடை திறந்ததும் கிழவர் வந்து நிற்பார். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, கண்ணாடியை வைத்து, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பார்.

"என்ன பெரியப்பா, இன்னைக்கும் பரீட்சைக்குப் படிக்க வந்துட்டீங்களா?"

"நீ விக்கிற விஷத்துக்கு நான்தான் பரீட்சை வைக்கணும். இந்தா, இந்தத் திராட்சை, பெயில். இந்தக் கிழங்குப் பொடி, பெயில். எவ்வளவு பொடிசா எழுதியிருக்கான் பாரு. திருடன் மெதுவா பேசுற மாதிரி."

"எல்லாத்தையும் பெயிலாக்கிட்டா நான் எதை விக்கிறது?"

"உப்பு இருக்கில்ல. உப்பை வில்லு."

வீட்டிலும் ஒன்றையும் விடவில்லை. வினிகர், பிஸ்கட், சூப்புக் கட்டி, ருஷ்யாவிலிருந்து மகன் அனுப்பிய ஜாம் என்று எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். எண் இருந்ததோ இல்லையோ, பளபளப்பாக இருந்தால் போதும், குழிக்குள் போயிற்று. மருமகள் கன்ஷாயிம் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள்.  மாமனார் பெயரைச் சொல்லாமல், அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசாமல் ஒன்பது வருஷம் இருந்தவள்.

அதற்குப் பிறகு அவர் மனைவி அய்சல்கின் கிழவிக்குக் கிடைத்ததெல்லாம் வீட்டு அடுப்பில் சுட்ட ரொட்டி, ஆட்டுக்கறிச் சாறு, பால், தேநீர். அப்புறம் காலைக் கிண்ணம்.

அந்தக் கிண்ணத்தை மட்டும் அவர் யாரையும் தொடவிட மாட்டார். முந்தின நாள் சாயங்காலமே காய்ந்த ஆப்ரிகாட் மூட்டையைப் பிரித்து, ஏழு பழத்தைப் பொறுக்குவார். லேசாகக் கறுத்ததை ஒதுக்குவார். பொன்னைப் போல மின்னுவதாக, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரிவதாக இருக்க வேண்டும். வெந்நீரில் ஊறப்போட்டு மூடி வைப்பார். விடிந்ததும் அந்தத் தண்ணீரை அவள் குடிக்க வேண்டும், பழத்தைத் தின்ன வேண்டும். நெஞ்சுக்கும் ரத்தத்துக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்?

குடித்துக் கால்மணி நேரத்துக்கெல்லாம் அவளுக்கு இழுக்க ஆரம்பிக்கும். ஓட்டை விழுந்த துருத்தி போல நெஞ்சு விசிலடிக்கும். தோள் இரண்டும் காதுவரை ஏறும், உதடு நீலம் பாரிக்கும். இன்ஹேலரை உறிஞ்சி உறிஞ்சி, அடுக்கி வைத்த மெத்தைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கிடப்பாள். படுத்துத் தூங்கிப் பல மாதமாயிற்று.

"கிழவா, என்னைக் கொல்ல இந்தச் சீக்கு போதாதா? பட்டினி வேற போட்டுக் கொல்றியே."

"பேசாத. பேசினா இழுக்கும்."

"பேசாட்டியும் இழுக்குது. பேசிக்கிட்டே இழுத்துக்கறேன்."

இந்தச் சிரிப்பும் புரட்டாசி தாண்டவில்லை. குளிர்காற்று இறங்கியதும் அவளுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சுப் போதவில்லை. "கிழவா" என்பாள், அப்புறம் கையால்தான் பேசுவாள். அந்த விரல்கள் குச்சியாகிவிட்டதை மமயூசுப் பார்த்துக்கொண்டே இருந்தார். டப்பா எல்லாம் மண்ணுக்குள் போய் நாற்பது நாளாகிறது. அப்புறம் எங்கேயிருந்து வருகிறது? எந்தப் பொந்து வழியாக நுழைகிறது?

யாரோ கொடுக்கிறார்கள். அவர் இல்லாத நேரத்தில், ஆசைக்கு, ரகசியமாக. இந்த எண்ணம் ஒருநாள் தலைக்குள் ஏறியது, இறங்கவே இல்லை.

அடுத்த நாள் எந்த மாமனாரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். மருமகளின் சீதனப் பெட்டியைத் திறந்தார். மடிப்புக் கலையாத துணிகளை வாரி வெளியே போட்டார். கன்ஷாயிம் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது. அடியில் ஒரு சிறு துணி முடிச்சு அகப்பட்டது. பிரித்தால், உள்ளே கறுத்துச் சுருங்கிய பழங்கள். பிளந்தபோதே அவர் கழித்துப் போட, சும்மா வெயிலில் காய்ந்தவை, பழைய செருப்புத் தோல் மாதிரி.

"இது எதுக்கு?"

"எனக்குத்தான் மாமா." தரையைப் பார்த்தே சொன்னாள். "கறுப்பும் ருசியாத்தான் இருக்கு. அத்தைக்கும் ஒரு நாள்... மாத்திக் குடுத்துப் பாக்கலாமேன்னு..."

"கோழிக்குப் போடுறதை அவளுக்குக் குடுப்பியா?"

கன்ஷாயிம் குனிந்தாள். துணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடிக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரக் கடைசியில் வியாபாரி சதிபால்டி லாரியோடு வந்தான். ஆறு வருஷமாகச் சரக்கெடுப்பவன் அவன்தான். அதற்கு முன்னால் ஊரில் எல்லோருமே பழத்தைப் பிளந்து, சும்மா வெயிலில் போட்டுக் காயவைத்தார்கள். அது கறுத்துத்தான் போகும். ருஷ்யாக்காரன் கறுப்பை வாங்குவதில்லை, மஞ்சள்தான் வேண்டும் என்று சதிபால்டிதான் வழி சொன்னான். மண்குடிசை ஒன்று கட்டி, பிளந்த பழத்தைத் தட்டுத்தட்டாக உள்ளே அடுக்கி, நடுவில் ஒரு தகர டப்பாவில் மஞ்சள் கந்தகக் கல்லைக் கொளுத்திவிட்டுக் கதவைக் களிமண்ணால் பூசிவிட வேண்டும். விடிந்து திறந்தால் கண் எரியும், தொண்டை கமறும். ஆனால் பழம் மரத்தில் இருந்த அதே நிறத்தோடு இருக்கும். அப்புறம் வெயில்.

சதிபால்டி இந்தத் தடவை மடக்கிய அட்டைப்பெட்டிகளும் சுருள் சுருளாக, உள்ளே இருப்பதை அச்சடித்த ஒட்டுத்தாளும் கொண்டுவந்திருந்தான்.

"இப்பல்லாம் எல்லையில விடமாட்டேங்கறான் அண்ணே. ஒட்டு இல்லாட்டி சரக்கு திரும்பிடும்."

பெட்டிகள் நிரம்பின. சதிபால்டி ஒட்டிக்கொண்டே போனான். மமயூசுப்புக்குக் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. இந்த நாற்பது நாள் பழக்கம். கண்ணாடியை எடுத்து ஒரு பெட்டிமேல் குனிந்தார். மேலே பழத்தின் படம். அதன் கீழே பொடி எழுத்து. கீழே, இன்னும் கீழே.

220.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த பெட்டியைப் பார்த்தார். மடித்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டேய், இது யார் பெட்டி?"

"உங்களுதுதான் அண்ணே."

"இதுல இருநூத்தியிருபதுன்னு போட்டிருக்கே?"

"போட்டுத்தானே ஆகணும்."

"நான் ஒண்ணும் கலக்கலடா. என் தோட்டம், என் மரம். என் பொண்டாட்டியும் மருமகளும் கையால பிளந்த பழம். மருந்துக் கடைப் பக்கமே நான் போகல."

"மஞ்சக் கல்லு கொளுத்துனீங்கல்ல?"

"அது புகை."

"அந்தப் புகைக்குத்தான் அண்ணே அந்த நம்பர்."

மமயூசுப் நிமிர்ந்தார். "புகை எப்படிடா பழத்துக்குள்ள போகும்? கதவைத் திறந்தா புகை வெளியில போயிடுது. என் கண்ணால பாத்தேன். கல்லு மலையில வெட்டுறது, எவனோ கம்பெனியில செஞ்சதில்ல. உன் ஒட்டை உரிடா."

"உரிச்சா வண்டி நகராது." சதிபால்டிக்கு முதலில் சிரிப்பு வந்தது. கிழவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் அண்ணே? வீட்டுல நீங்க இதையா தின்கிறீங்க?"

மமயூசுப் பூதக்கண்ணாடியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"யாரும் தின்ன மாட்டாங்களே. விக்க மஞ்சள், வீட்டுக்குக் கறுப்பு. ஊருக்கே தெரியுமே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யார் சொல்வார்கள்? யாரிடமும் எதையும் கேட்காதவர், கேட்டாலும் நம்பாதவர். அவர் வீட்டில் பொறுக்கியெடுத்த நல்லது பெண்டாட்டிக்கு, கழித்தது மற்றவர்களுக்கு. அவருக்குத் தெரிந்த ஒழுங்கு அவ்வளவுதான்.

"நீ ஒரு பொய்யன்" என்றார். "உங்கப்பனும் பொய்யன்தான்." லாரி கிளம்புவதைப் பார்க்க நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கிண்ணத்தை எடுக்கவில்லை. மூட்டையருகே போனார், பிரித்தார், ஏழு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றை மோந்து பார்த்தார். பழ வாசனைதான் வந்தது. வாயில் போட்டு மென்று பார்த்தார். இனிப்புதான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னே? ஆனால் நாலு குளிர்காலம், ஒரு நாள் விடாமல், இந்தக் கையால் நீட்டிய கிண்ணங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. "குடி, குடி, மிச்சம் வைக்காதே" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்கவைத்தது அவர்தான். அப்படி இருக்க முடியாது. அப்படி இருக்கவே கூடாது. பழங்களை மூட்டைக்குள் திரும்பப் போட்டார்.

காலையில் கிழவி கையால் கேட்டாள்: கிண்ணம் எங்கே?

"எலி விழுந்துடுச்சு."

மறுநாளும் கேட்டாள்.

"பழம் தீந்துபோச்சு."

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "லாரி... லாரியா... ஏத்தினே. ஏழு பழம்... எனக்கு இல்லியா?" கண்ணில் நீர் முட்டியது. சாகப்போகிறவளுக்கு எதற்கு என்று நிறுத்திவிட்டான் கிழவன் என்று நினைத்திருப்பாள்.   அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலாம் நாள் விடியலில் மமயூசுப் மாட்டுக்குத் தீனி அள்ளிக்கொண்டிருந்தார். சட்டென்று கை நின்றது. வீட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. அந்த விசில் இல்லை, இருமல் இல்லை. நாலு வருஷமாக அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் பொழுது விடியும். வைக்கோல் கையிலிருந்து விழுந்தது. அவர் ஓடினார். முழங்கால் ஒன்று மடங்காது, இழுத்துக்கொண்டு ஓடினார். செருப்பு வாசலோடு போயிற்று. 

அவள் படுத்திருந்தாள். மெத்தையடுக்கில் சாயாமல், தரை விரிப்பில் நீட்டி, ஒருக்களித்து. அவர் பக்கத்தில் விழுந்து அவள் மூக்கருகே புறங்கையை வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. சூடு. மெல்ல, சீராக, வந்தது, போயிற்று, வந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. லேசாகக் குறட்டைகூட விட்டாள்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டியவர், யாரோ நெஞ்சில் உதைத்தாற்போல வளைந்து உட்கார்ந்திருந்தார்.

வாசலில் கன்ஷாயிம் நின்றிருந்தாள். தலைத்துணியை இழுத்துவிடவில்லை. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மாமனாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாமா. அந்தக் கிண்ணம் நிறுத்தி நாலு நாளாச்சு."

"காத்து மாறியிருக்கு" என்றார் அவர்.

"காத்து இல்ல மாமா. ஒவ்வொரு நாளும் குடிச்சதுக்கு அப்புறம்தான் அத்தைக்கு..."

"காத்து மாறியிருக்குன்னு சொல்றேன்ல. மேக்கால அடிச்சது இப்ப வடக்கால அடிக்குது. புழுதி அடங்கியிருக்கு. போய்ப் பாலைக் கற."

அவள் நகரவில்லை. துணி முடிச்சை அவர் எதிரே தரையில் வைத்தாள். அதே கறுத்த பழங்கள்.

மமயூசுப் எழுந்தார். முடிச்சைத் தாண்டி, அவளைத் தாண்டி, வெறுங்காலோடு தோட்டத்துப் பக்கம் நடந்தார். மண்குடிசையைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அதன் கதவில் ஆடி மாதத்துக் களிமண் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"புகை" என்றார் சத்தமாக, மரங்களைப் பார்த்து. "வெறும் புகை. எந்த மடையனோ ஒட்டு அடிச்சா அது உண்மையாயிடுமா?"

காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நொடி நின்றார். வழக்கமாகத் தோட்டத்து வாய்க்கால்வரைக்கும் இருமல் பின்னாலேயே வரும். இன்று வரவில்லை. அவர் நடையை எட்டிப் போட்டார்.