சுருக்கத்தில் விட்டுப்போனது

"புரொபசரம்மா, அப்படி என்னதான் எழுதுற? நமக்கும் புரியுற மாதிரி சொல்லேன்" என்று சித்தப்பா நச்சரித்துக்கொண்டே இருப்பார். "உங்க கேஸ் முடியட்டும், உக்காந்து முழுசாச் சொல்றேன்" என்று அவளும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசியில் அதை அவருக்குச் சொன்னவர் அகதி விசாரணை அறையின் மொழிபெயர்ப்பாளர்.

சித்தப்பாவுக்கு அடைக்கலமா, திருப்பி அனுப்புவதா என்று அன்று முடிவாக வேண்டும். உறவினர்கள் வாய் திறக்கக் கூடாது. அவள் பின்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி ஒரு தாளை எடுத்து வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் சொன்னார்:

"உங்க நாட்டு ஆய்வாளரே எழுதியிருக்காங்க, 'தப்பி வந்தவங்க சொந்தக்காரங்க சாவுக்காக ஊருக்குத் திரும்பிப் போயிட்டு வர்றாங்க'ன்னு. அப்ப அங்க என்ன ஆபத்து?"

அது அவளுடைய கட்டுரைச் சுருக்கம்.

திரும்பிப் போனவனுக்குப் பயமில்லை என்ற விதியை எழுதியவர்கள் நம்மை ஆண்டவர்கள். ஒளிந்து போய் உடன்பிறந்தவனைப் புதைக்க வேண்டிய நிலை அவர்களுக்கு வந்ததில்லை. இதுதான் கட்டுரையில் அவள் வாதம். சுருக்கத்துக்குச் சொல் கணக்கு உண்டு. 'ஒளிந்து' என்பதை வெட்டி உள்ளே தள்ளியிருந்தாள். முழுக் கட்டுரையையும் படிக்க ஆய்விதழுக்குச் சந்தா கட்ட வேண்டும். அதிகாரி கட்டவில்லை.

உள்ளே ஒரு சமையல்காரன் மீன் லாரியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே படுத்துப் போய் அண்ணனை அடக்கம் செய்கிறான். அடையாளம் தெரியக் கூடாதென்று தையல்காரனைச் சமையல்காரன் ஆக்கியவள் அவள்தான். அந்த அண்ணன் அவளுடைய அப்பா. தையல்காரர் இதோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"முழுக் கட்டுரையையும் பாக்கணும்" என்றார் வக்கீல். புதிய ஆவணம் தரும் கெடு முடிந்துவிட்டதாம்.

சித்தப்பா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். எழுதியது யாரென்று அவருக்கு விளங்கிவிட்டது.

"அது பொய்யின்னு சொல்றீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"எழுதினது நல்லாப் படிச்ச புள்ளையா இருக்கும். பொய் எழுதாதுங்க."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

மதியமே மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அவரைக் கூட்டிப்போகக் காவலர் வரும்வரை இருவரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கேஸ்தான் முடிஞ்சிருச்சே, இப்பச் சொல்லு. மீன் லாரிய எழுதினியா?"

"எழுதினேன் சித்தப்பா."

"அந்த நாத்தத்த?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அட, அதுதான்டி முக்கியம்!" என்று சிரித்தார். "மீன் நாத்தம் புடிச்ச கைய உங்கப்பன் மூஞ்சியில வைக்கக் கூசிப்போய் நின்னேன். அத எழுதியிருக்கலாம்ல?"

காவலர் வந்து நின்றார். சித்தப்பா எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.