ஒரே ஒரு 'போலும்'

மகள் பதினேழு 'போலும்'களை அடித்துவிட்டாள். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள் அவள், கை கூசவில்லை. சிவப்பு மையில் ஒவ்வொன்றும் கழுத்தறுபட்டுக் கிடந்தது.

இருபத்தாறு ஆண்டுகளாக வார இதழொன்றில் நகைச்சுவைப் பத்தி எழுதியவர் அவள் அப்பா. பல்வலியோ, பக்கத்து வீட்டுப் பூனையோ, எதை எழுதினும் வரியின் வாலில் ஒரு 'போலும்' வந்து ஒட்டிக்கொள்ளும். "பல் காலி செய்துவிட்டது, வலி மட்டும் குடியிருக்கிறது போலும்." வாசகர்கள் அந்த வாலைப் பார்த்தே சிரித்தார்கள். மனைவியோ, "போலும் புலவரே, சாப்பிட வர்றீங்களா, வருவீங்க போலுமா?" என்பாள்.

அவள் மறைந்த நான்காம் மாதம், சிரிப்பில்லாத ஒன்றை முதன்முறையாக எழுதினார், அவளைப் பற்றி. இதழாசிரியர் தொலைபேசியில் தயங்கினார். "மொத பக்கத்துல நல்லா சிரிச்சுட்டேன் சார். அப்புறந்தான் அம்மா விஷயம்னு புரிஞ்சுது. மன்னிச்சிடுங்க."

அதனாற்றான் தாள்கள் மகளிடம் வந்தன.

"இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்கப்பா. படிச்சுப் பாருங்க."

படித்தார். ஒரு பிழையும் இல்லை. ஓர் ஆளும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த எவரோ எழுதிவைத்துப் போனதைப் போலிருந்தது. மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இத மட்டும் விட்டுடும்மா."

'அவள் உறங்குகிறாள்' என்றிருந்தது, வால் அடிக்கப்பட்டிருந்தது.

"அந்த வரியே தப்புப்பா. அம்மா அப்போ தூங்கலயே."

மனைவி இறந்த அன்று முற்பகல் பதினொரு மணிக்கு அறை வாயிலில் நின்று பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உறங்குகிறாள் போலும் என்றெண்ணி, கதவை ஓசைப்படாமற் சாத்திவிட்டு, மேசைக்குப் போய்ப் பூனையைப் பற்றி எழுதினார். நன்றாக வந்தது. நடுவில் ஒருமுறை தாமே சிரித்தும் கொண்டார்.

"நான் அப்படித்தாம்மா நெனச்சேன்," என்றார். "நெனச்சுட்டு எழுதப் போயிட்டேன். ஒன்றரை மணி நேரம்."

இதை அவர் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

மகள் பேனாவின் மூடியைத் திருகினாள், மறுபடி திறந்தாள். பின்பு தாளைத் தன் பக்கம் இழுத்து, அடித்த சொல்லின் கீழே புள்ளி வைத்தாள். அடித்ததை நீக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்பதற்கு அச்சகத்தார் இடும் குறி அது. மூன்று புள்ளிகள் போதும். அவள் கை நிற்கவில்லை. சிவப்புப் புள்ளிகள் சொல்லைத் தாண்டி, வரியைத் தாண்டி, தாளின் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.