புறக்கணிக்கத்தக்க வாசனை

எங்கள் ஊரில் யாரும் முகவரி விசாரித்துப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வாசனை உண்டு. அது காற்றில் பரவும், மற்றவர்களின் கால்கள் அந்தப் பக்கம் திரும்பும். எந்த வாசனை எவ்வளவு இழுக்கும் என்பதை நகராட்சியின் ஈர்ப்புப் பிரிவு சமன்பாடு போட்டு முடிவு செய்கிறது. மூன்றாம் வார்டு என் பொறுப்பு.

கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். மிகச் சிறிய எண் குறுக்கே வந்தால், இதனால் விடை மாறிவிடப் போவதில்லை என்று பூஜ்யமாக்கிவிடுவோம். போன ஆடியில் அப்படிப் பதினொரு எண்களை அடித்தேன். சமன்பாடு சுத்தமாக இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட.

ஐப்பசியில் எமரன்சியா அலுவலகத்துக்கு வந்தாள். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் என் கால்கள் அவள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. ஆடிக்குப் பிறகு ஏனோ போகவில்லை.

"ஏன் வர்றதில்ல? மூணு மாசமா வீட்டுக்கு ஈ கூட வரல" என்றாள்.

பதிவேட்டைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே 0.004 அடிக்கப்பட்டு, பக்கத்தில் பூஜ்யம். என் கையெழுத்து.

"நீங்களா போட்டீங்க?"

"ஆமா."

"மன்னிப்ப இங்க வச்சுக் கேக்காதீங்க. வீட்டுக்கு வந்து கேளுங்க."

பூஜ்யமாக்க யார் அனுமதியும் வேண்டாம். திரும்ப எண்ணாக்கத்தான் ஒருவர் நேரில் போய் வாசனையை அளந்து வர வேண்டும். இழுக்காத வீட்டுக்கு யார் கால் போகும்? நான் ஆறு முறை கிளம்பினேன். நான்கு முறை பரோட்டாக் கடையில் போய் நின்றேன். இரண்டு முறை, எனக்கு ஆகவே ஆகாத மச்சான் வீட்டில். அவர் காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அந்தச் சின்ன எண்ணை அதன்பாட்டுக்கு விட்டிருக்கலாம். அது யாருக்கு என்ன இடைஞ்சல் செய்தது?

கடைசியில் என் பெயரைத் தேடி எடுத்து, பிற வாசனைகள் என்னை இழுக்கும் அளவையும் பூஜ்யமாக்கினேன். இனி தூசி மாதிரி இலக்கில்லாமல் அலைவேன். அலைந்தால் ஒருநாள் அவள் வாசலிலும் போய் நிற்பேன். எந்த நாள் என்று கணக்குப் போட்டேன். இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு வருடம், ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மூன்று தடவை சரிபார்த்தேன். வியாழக்கிழமைதான்.

மேலதிகாரி வேலம்மாள் மேடத்திடம் தாளை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"அன்னைக்கு மழை இருக்கு. குடை எடுத்துட்டுப் போங்க" என்றார்.