உடல்நலம் மிக நன்று

பெஞ்சின் நுனியில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். மைக் தூக்கினாள்.

பேருந்து நிலையத்தில் கிடைத்த பெயர் அது. பத்து வருடமாக விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும் என்று அறிவிக்கிறாள். ஒலிபெருக்கி பழுதான ஒரு நாளில் அவளுடைய வெறும் குரலே கடைசி நடைமேடை வரை கேட்டது. அன்றிலிருந்து வீட்டிலும் அவள் மைக்தான்.

இப்போது அவள் இருப்பது வேறொரு நாட்டில், சக்கர நாற்காலி டேபிள் டென்னிஸ் போட்டி நடக்கும் அரங்கின் பின்னறையில். எதிரே இரண்டு பரிசோதகர்கள். யார் எந்தப் பிரிவில் ஆட வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள். உடம்பை நிமிர்த்திப் பிடிக்க முடியாதவர்களுக்கு மூன்றாம் பிரிவு. முன்னும் பின்னும் சாய்ந்து ஆட முடிகிறவர்களுக்கு நான்காம் பிரிவு.

பதினேழு வயதில் மாடிப்படியில் விழுந்ததிலிருந்து மைக்கின் உடம்பு நெஞ்சுக்குக் கீழே சொன்ன பேச்சு கேட்பதில்லை. ஆனால் யாராவது "முடியுமா?" என்று கேட்டுவிட்டால் போதும். தலையைப் பின்னுக்குத் தள்ளி, மூச்சை அடக்கி, நான்கு விநாடி கம்பம் நட்ட மாதிரி உட்கார்ந்துவிடுவாள். வேலைக்கான நேர்முகத்தில் அப்படித்தான் உட்கார்ந்தாள். அக்காவின் மாமியார் வீட்டார் முதல்முறை வந்தபோதும் அப்படித்தான்.

இங்கேயும் உட்கார்ந்தாள். ஐந்தாவது விநாடிக்குள் பரிசோதகர் "போதும்" என்றுவிட்டார்.

"மருத்துவக் கோப்பு எங்கே?"

விளையாட்டுச் சங்கச் செயலாளர் ஒரே ஒரு தாளைப் பெருமையோடு நீட்டினார். பயிற்சியாளர், மொழிபெயர்ப்பாளர், பெட்டி தூக்குபவர் எல்லாமே அவர்தான். தாளில் ஊர் டாக்டர் எழுதியிருந்தது இரண்டு வரி: "இவரது உடல்நலம் மிக நன்று. எட்டு மணி நேரம் தொடர்ந்து உட்காரத் தகுதியுள்ளவர்." வேலைக்குச் சேரும்போது கொடுத்த அதே சான்றிதழ், புதுத் தேதியோடு.

பரிசோதகர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. மைக்கின் பெயருக்கு நேரே 4 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

"மதியம் ஒரு பயிற்சி ஆட்டம் பார்ப்போம். சாயங்காலம் முடிவு."

வெளியே வந்ததும் செயலாளர் மைக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாலும்மா! ஒரு பிரிவு மேல!"

பதவி உயர்வு வந்த மாதிரி அவர் காப்பி வாங்கக் கிளம்பினார். துணைக்கு வந்திருந்த அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"பக்கத்து ரூம்ல ஒரு சுருட்டை முடிக்காரியப் பாத்தேன். அச்சு அசல் உன் கேஸு. கையத் தூக்கினதும் அப்படியே முன்னால சரிஞ்சா. அவங்க டாக்டர் பிடிச்சு நிமித்திட்டு, தலகாணி தண்டிக்கு ஒரு ஃபைலைப் புரட்டிப் புரட்டிக் காட்டுறாரு. அவ பாட்டுக்குச் சிரிச்சிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு மூணு. உனக்கு நாலு."

"நான்தான் விழலயே."

"அதான்டீ வயித்தெரிச்சல்! போன தடவ அவங்க ஊருக்குப் பதினோரு பதக்கம் போச்சு. நமக்கு வழியனுப்பினப்ப எடுத்த போட்டோதான் மிச்சம்."

மைக் குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அது சுலபமில்லை. "விழுந்தா எழுதிருவாங்கக்கா. அது ஆபீஸுக்குப் போச்சுன்னா? எட்டு மணி நேரம் உக்காருவேன்னு சொல்லித்தானே வேலையே குடுத்தாங்க?"

அந்த எட்டு மணி நேரம் எப்படி வருகிறது என்று அவர்கள் இருவருக்குமே தெரியும். தினமும் காலையில் நாலு முழ நீலத் துணியை மைக்கின் வயிற்றைச் சுற்றி, நாற்காலியின் முதுகோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, மேலே சட்டையை இழுத்துவிடுவது அக்காதான். மதிய ஆட்டத்துக்கும் ஜெர்சிக்கு அடியில் அதைக் கட்டிவிட்டாள்.

மதியம் எதிரில் வந்தவள் நான்காம் பிரிவுக்காரி. பாதி மேசையைத் தாண்டிச் சாய்ந்து அடித்தாள். வலைக்குப் பக்கத்தில் சின்னதாக அவள் போட்ட பந்துகளை மைக்கால் எட்ட முடியவில்லை. துணி அவளை விழவும் விடவில்லை, போகவும் விடவில்லை. முதல் செட் பதினொன்றுக்கு இரண்டு. பரிசோதகரின் பென்சில் அசையவே இல்லை.

நான்காம் பிரிவு என்று முடிவானால் போட்டி நடக்கும் மூன்று நாளும் இதே கதைதான். முதல் சுற்றில் தோற்றவர்களைச் சங்கம் மறுபடி அனுப்பியதில்லை. பேருந்து நிலையத்தின் பார்சல் அறையில், மூட்டைகளுக்கு நடுவே பலகை போட்டு ஆடிய ஆறு வருடமும் அத்தோடு போயிற்று.

பக்கத்து மேசையில் அந்தச் சுருட்டை முடிக்காரி ஆடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பந்தை அடித்தாள், தொப்பென்று விழுந்தாள், இடது கையால் சக்கரத்தை உந்தி நிமிர்ந்தாள், அடுத்த பந்தை அடித்தாள். விழுந்து எழுவதையும் அவளுக்கு யாரோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மைக் பந்தை மறந்து அந்த இடது கையையே பார்த்தாள்.

"அக்கா, அவுத்து விடு."

"இங்கயா?"

"இங்கதான். சீக்கிரம்."

அக்கா முதுகுப் பக்கம் கையை விட்டு முடிச்சை அவிழ்த்து இழுத்தாள். நீலத் துணி வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மறுபடியும் காப்பி வாங்கிக்கொண்டு வந்த செயலாளர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"உடல்நலம் சார்," என்றாள் அக்கா.

அடுத்த பந்து வலையோரம் விழுந்தது. மைக் எட்டினாள். மேசை முகத்தில் வந்து மோதியது. ஓடி வந்த அக்காவை, "கிட்ட வராத!" என்ற குரல் நிறுத்தியது. இடது கையால் சக்கரத்தை உந்தினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை நிமிர்ந்தாள். அந்த செட்டில் ஒன்பது முறை விழுந்தாள், ஒரே ஒரு புள்ளி எடுத்தாள். அதுவும் கன்னம் மேசையில் கிடந்தபடியே அடித்தது. பென்சில் எழுதித் தள்ளியது.

சாயங்காலம் பரிசோதகரே வெளியில் வந்தார். "மூன்றாம் பிரிவுதான் சரி என்று நினைக்கிறோம். ஆனால் உங்கள் தாள் வேறு எதையோ சொல்கிறது. நாளைக் காலைக்குள் சரியான மருத்துவக் குறிப்பு வந்தால் மூன்று. இல்லையென்றால் நான்கு."

செயலாளர் அங்கேயே நின்று ஊர் டாக்டரைக் கூப்பிட்டார். "டாக்டர், நம்ம பொண்ணால என்னென்ன முடியாதோ, அத்தனையும் எழுதி இப்பவே அனுப்புங்க."

ஸ்பீக்கரில் டாக்டர் அதட்டினார். "ஏன்யா, அந்தப் புள்ள மேல உனக்கு என்ன கோவம்? உத்தியோகத்துல இருக்கிற பொண்ணு! நான் பாத்துப் பாத்து நல்லபடியா எழுதிக் குடுத்தா..."

செயலாளர் மைக்கைப் பார்த்தார். மைக் அக்காவைப் பார்த்தாள். அக்கா துணியை மடித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

மைக் கையை நீட்டி போனை வாங்கினாள்.

"டாக்டர், நான்தான் பேசுறேன். பேனா எடுங்க."

"யோசிச்சுக்கம்மா. நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா?"

"கேட்டா நானே அறிவிச்சிர்றேன். எழுதுங்க." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒண்ணு, நெஞ்சுக்குக் கீழ பிடிமானம் கிடையாது. ரெண்டு, கட்டாம உக்காந்தா நாலு விநாடி. மூணு..."

கடைசி நடைமேடை வரை கேட்கும் குரல் அது. நடைபாதையில் போன பல நாட்டுக்காரர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாச் சொல்லும்மா," என்றார் டாக்டர். "எழுத வேணாமா?"