மாமாவுக்கு மட்டும் கிடையாது

நான் குடிக்க மாட்டேன். ஆனால் இந்த ஊரில் என்னைவிட அதிகமான பார் பார்த்தவன் எவனாவது இருந்தால் வரச் சொல்லுங்கள், அவன் காலில் விழுகிறேன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் நான். பீர் குளிராமல் போனால் போதும், முதலாளிமார் பெண்டாட்டிக்குப் போன் போடுவதற்கு முன்னால் எனக்குப் போடுவார்கள்.

எத்தனை கண்றாவிகளைப் பார்த்திருக்கிறேன்! ஒரு பாரில் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் அடுத்தவர் வந்துவிடுவார். கூலரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, நான் கேட்ட கச்சேரிகளுக்கு அளவே இல்லை. இன்னொன்று தரைக்குக் கீழே. மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர், சப்ளையர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு வருவார், குடிக்கிறவர்கள் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தராவது எழுந்து போவாரா? ம்ஹூம். மூன்றாவது பார்க்காரரை நான் சட்டைக்காரர் என்றுதான் சொல்வேன். வெயில் காலத்தில் தன் சட்டையை மடித்து பீர் பாட்டில்களுக்கு நடுவில் வைத்துவிடுவார். மத்தியானம் எடுத்துப் போட்டுக்கொண்டு, "ஆகா!" என்பார். கூலர் ஏன் நாறுகிறது என்று என்னிடம் கேட்பார்.

இந்த மூன்றிலும், இன்னும் இதே மாதிரி இருக்கிற மற்றதிலும் எங்கள் மாமா உட்காராத நாற்காலி இல்லை. மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். சுவரில் அவர் கை வைத்தால் கண்ணாடிதான், அதில் குறை சொல்ல முடியாது. தங்கமான மனுஷர், அடித்துத் திட்டிப் பழக்கமே கிடையாது. குடிப்பார், சிரிப்பார், வழியில் எங்காவது படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானிலேயே அவருடைய ஈரல் வீங்கிவிட்டது. இனிமேல் தொட்டால் ஆளை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே அக்கா என் பட்டறைக்கு வந்தாள். அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எல்லா பாரும் உன் கைலதானேடா இருக்கு? இவருக்கு ஊத்தாதீங்கன்னு சொல்லேன்."

"நான் சொன்னா கேப்பானுங்களாக்கா?"

"நீ போகலைன்னா அவனுங்க பீரை வெந்நீரா குடிக்க வேண்டியதுதான். கேக்காம எங்க போவானுங்க?"

அட, ஆமாம்! இந்தப் புத்தி எனக்கு வரவில்லை பாருங்கள். கோடை உச்சத்தில் இருந்தது. கூப்பிட்ட அன்றைக்கே வருகிற மெக்கானிக் நான் ஒருத்தன்தான். அக்காவின் கல்யாண போட்டோவில் மாமாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினேன். "இந்த ஆளுக்கு ஒரு சொட்டு ஊத்துனா, உங்க கூலர் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்." முனகினார்கள், ஒத்துக்கொண்டார்கள். சட்டைக்காரர் போட்டோவைக் கூலர் கதவிலேயே ஒட்டிவிட்டார்.

மாமா ஒவ்வொரு கடையாகப் போய்த் திரும்பினார். எல்லாருக்கும் உண்டு, மாமாவுக்கு மட்டும் கிடையாது. கூலர் கதவில் தன் கல்யாணக் கோலத்து முகத்தைப் பார்த்துவிட்டு என் பட்டறைக்கு வந்து கத்தினார்.

"என் கல்யாணத்துல வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போன பய நீ! அந்த போட்டோவைப் போயா மாப்ள ஒட்டுவே?"

"திட்டுங்க மாமா, நல்லாத் திட்டுங்க. ஆனா கிடைக்காது."

அப்புறம் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். உட்கார்ந்து சாப்பிட்டார், பேசாமல் படுத்துக்கொண்டார். அக்கா முகத்தில் எத்தனையோ காலத்துக்கு அப்புறம் ஒரு தெளிவு. நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன். மாமா பக்கத்தில் போனால் மட்டும் மூக்கில் ஏறுகிற மாதிரி ஒரு நெடி அடித்தது. பெயிண்டர் மேல் தின்னர் வாடை அடிக்காமல் வேறென்ன அடிக்கும்? அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். "குளிச்சாலும் போகமாட்டேங்குதுடா இந்த தின்னரு" என்று அவர் சட்டையைத் தனியாக ஊறவைத்தாள். வேறு எந்த வீடாக இருந்தாலும் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

ஒருநாள் மத்தியானம் பாட்டுக் கக்கூஸ் கடையில் கூலருக்கு கேஸ் நிரப்பிக்கொண்டிருந்தேன். முதலாளி மெதுவாகக் கேட்டார். "உங்க மாமா இப்பல்லாம் தகரக்கடைக்குப் போறாராமே, தெரியுமா?"

தகரக்கடை நான் மிதிக்காத ஒரே கடை. பழைய டயர் கிடங்குக்குப் பின்னால் நாலு தகரம், மேலே ஒரு தகரம். லேபிளும் இல்லை, பாட்டிலும் இல்லை. கேனிலிருந்து பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றுவான். அங்கே குடித்துக் கண் அவிந்துபோன லோடுமேன் ஒருவரை ஊருக்கே தெரியும். கேஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

உள்ளே ஃபேன் இல்லை, பேச்சும் இல்லை. மற்ற பார்களில் எவ்வளவு நாற்றம் இருந்தாலும் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி குடித்தார்கள். மாமா மூலையில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். அதே தின்னர் வாடை, கடை முழுக்க. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட பாவி மனுஷா!

கேன்காரனிடம் என் ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "இவருக்கு ஊத்துனா உன் ஃப்ரிட்ஜைத் தொட மாட்டேன்!"

அவன் கோபப்படவே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தான். "எங்கிட்ட ஃப்ரிட்ஜே இல்லையேப்பா. எதைத் தொட மாட்டே?"

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இவன் ஒருத்தன்தான் மாப்ள என்னை உள்ள விட்டான்."

அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே சட்டைக்காரர் கடைக்குப் போனேன். வேறென்ன செய்ய? குடித்தே தீருவார் என்றால் மூடி உடைக்காத பாட்டிலையாவது குடிக்கட்டும். "அண்ணே, இவருக்கு ஒரு பீர் குடுங்க" என்றேன். என் வாயால்தான் சொன்னேன்.

"நீதானேப்பா குடுக்கக் கூடாதுன்னே?" சட்டைக்காரர் என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப நான்தான் கேக்குறேன். குடுங்கண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

பீர் வந்தது. மாமா ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார். அப்புறம் மேலே அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் மாப்ள, லைட்டை எல்லாம் அணைச்சுட்டானா?"

எல்லா டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெயிலில் கண் கூசியது. சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. உயிர் தங்கலாம், பார்வை திரும்புவது சந்தேகம் என்றார். ஏதோ கெட்ட சாராயம் என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். கண்ணில் கட்டுப் போட்டிருந்த மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள்.

"நம்ம கடைங்கள்ல எவனும் ஊத்தலைல்லடா?"

"ஊத்தலைக்கா."

"எனக்குத் தெரியும். நீ சொல்லி வெச்சதாலதான் இவ்வளவு நாளாவது தாங்குனாரு." என் சட்டையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள். அக்கா, நான் அடைத்த கதவுகள்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டன என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பொழைச்சு வந்தாலும் இந்த மனுஷன் சும்மா இருக்க மாட்டாரு, தட்டுத் தடுமாறியாவது போவாரு. எல்லாக் கடையிலயும் இன்னொரு தடவை கண்டிப்பா சொல்லி வெச்சுடு, என்ன?"

"சரிக்கா" என்றேன்.