எவளோ ஒருத்தியின் குரல்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியாது. இழவு வீட்டுக்கு வந்தாலும் உதட்டை அசைத்துவிட்டு, ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். தகரப் பட்டறையில் சுத்தியலோடு அரை ஆயுளைக் கழித்த பெரியவர், மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து இப்படித்தான் கறுவிக்கொண்டிருந்தார்.

மகள் குனிந்து அவர் காதில் கத்தினாள். "காது மெஷினை மாட்டிக்கங்கப்பா. எல்லாரும் பேசறாங்கல்ல?"

"பேசட்டும். எனக்கொண்ணும் கேக்க வேண்டாம்."

"காலையில அம்மா உங்க கையப் பிடிச்சுக்கிட்டு என்னவோ சொன்னாங்களே. வாசப்படியில நின்னு பாத்தேன். நீங்களும் சரின்னு தலையாட்டினீங்க. என்னப்பா சொன்னாங்க?"

அவர் மனைவியின் முகத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செத்தவளுக்குக் குருவிக் குரல். 'கீச்சு' என்றுதான் கூப்பிடுவார். அவர் காதில் மெல்லிய சத்தங்கள்தான் முதலில் செத்தன. லாரி உறுமினால் கேட்கும்; அவள் பேசினால் முனகல் கேட்கும், வார்த்தை பிடிபடாது. மேல் ஸ்தாயியில் இருக்கிற சத்தத்தைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கி, காதில் இன்னும் உயிருள்ள இடத்தில் கொண்டுவந்து போடும் என்று சொல்லி மெஷின்காரர் மாட்டிவிட்டார். வார்த்தை கேட்டது. ஆனால் பேசியது வேறு எவளோ, கரகரவென்று.

"எவடி இவ?" என்றார். கீச்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததும் அந்த எவளோதான்.

இன்று காலை அவள் கையைப் பிடித்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை அவள் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று மெஷினைக் கழற்றினார். உதடு அசைந்தது. முனகல் வந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லலாமென்றால் அவளிடம் மூச்சு இல்லை. கண் மட்டும் பதிலுக்குக் காத்துக் கிடந்தது. தலையாட்டினார்.

மத்தியானம் மெஷின்காரரும் வந்தார். வெறும் காதைப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார். "விடாம மாட்டியிருந்தா காது பழகியிருக்கும் ஐயா. அப்புறம் அதுவே அம்மா குரலாத் தெரிஞ்சிருக்கும்."

"போய்யா! கட்டினவ குரல் எப்படியிருக்கும்னு உன் டப்பாவா எனக்குச் சொல்லித் தரணும்?"

எழுந்தவரை மகள் மறித்தாள்.

"எதுக்குச் சரின்னீங்க, அதையாவது சொல்லுங்கப்பா. அம்மா ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுத்துடலாம்."

அவள் தோளை மெல்ல விலக்கிவிட்டு முற்றத்துக்கு நடந்தார். வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தொம், தொம் என்று விழுந்தன. அது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.