மேல்குரல் யாருடையது

என் வீட்டுக்காரர் எல்மருக்கும் அவர் தம்பி ராய்ஸுக்கும் வானொலி நிலையத்தில் ஒரே மைக். கன்னத்தோடு கன்னம் வைத்துப் பாடுவார்கள். எல்மரிடம் கிதார், ராய்ஸிடம் மாண்டலின். எல்மர் மெட்டைப் பாட, ராய்ஸ் அதற்கு மேலே ஏறிப் பாடுவான். ஒரு காலத்தில் அந்த மேல்குரல் எல்மருடையது. தம்பி வளர்ந்ததும் அது அவனிடம் போய்விட்டது.

அன்று சனிக்கிழமை நிகழ்ச்சிக்குப் பணம் போடுகிற மாவுக் கம்பெனிக்காரர் டாக்கெட் வந்திருந்தார். அடுத்த அறையில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டு, அந்த நிகழ்ச்சியில் பாட ஒருவரை எடுப்பாராம். ஒரே ஒருவரை.

"யாரை எடுப்பார்னு எனக்குத் தெரியாதா?" என்றார் எல்மர். "சர்ச்சுக்குப் போனாலும் 'ராய்ஸ் வரலையா'ன்னுதான் கேக்கறாங்க. நான் என்ன, அவனுக்குக் கிதார் தூக்கறவனா?"

"உங்க தம்பிதானேங்க."

"அதனாலதான், வெர்னா, இப்படி எரியுது."

கிதார்க் கழுத்தில் மாட்டும் கவ்வியை இரண்டு கட்டை மேலே தள்ளிப் பூட்டினார். சுருதி ஏறிவிடும். மேலே பாடுகிறவன் தொண்டை கிழியும். ராய்ஸ் மாண்டலினைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் சரணம் முடிந்தது. பல்லவி வரும்போது ராய்ஸ் தோளால் அண்ணனை இடித்தான். இடம் மாறு என்று அவர்களுக்குள் சின்ன வயதிலிருந்தே அதுதான் அடையாளம். தம்பி மெட்டுக்கு இறங்கிவிட்டான். எல்மருக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏறினார். அழுகை முட்டிக்கொண்டு நிற்கிற குரல். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டாக்கெட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பல்லவியில மேல பாடினது யாரு?"

"எங்க அண்ணன்," என்றான் ராய்ஸ்.

"அப்ப சனிக்கிழமை அவரே வரட்டும்."

அவர் போனதும் எல்மர் கேட்டார்: "கவ்வியைப் பாத்தியா?"

"நீ மாட்டும்போதே."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா இறக்கியிருப்ப. அவர் என்னைக் கூப்பிட்டிருப்பாரு. அப்புறம் வருஷம் பூரா உன் தொங்கிப்போன மூஞ்சியை யாரு பாக்கறது?"

எல்மர் சிரிக்கவில்லை. "இதையும் நீ குடுத்துத்தான் நான் வாங்கணுமா?"

"வேணாம்னா சொல்லு, நான் போறேன்."

"போறேன்டா. ஆனா நீ ரேடியோவ வச்சுக் கேக்காத."

"சரிண்ணே."

"கேப்ப."

"கேப்பேன்," என்றான் ராய்ஸ்.